அரிய ஆர்க்கிட் இறக்குமதிக்குச் சிறை: சட்டம் யாரைப் பிடிக்கிறது?

#1 கொடிமுல்லை (ஏற்காடு)

எல்லோருக்கும் வணக்கம். தாய்லாந்திலிருந்து செடி வரவழைப்பது பற்றி நம் குழுவில் கேள்வி வராத நாள் இல்லை. "செடிதானே, பிடித்தால் பறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்" என்று அங்கே ஒருவர் எழுதியிருந்தார். அப்படி நினைப்பவர்கள் ஜார்ஜ் நாரிஸ் வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்பிரிங் என்ற ஊர். அங்கே வீட்டோடு ஒட்டிய கண்ணாடிக் குடிலில் ஆர்க்கிட் வளர்த்து விற்றவர் நாரிஸ். அறுபதைத் தாண்டிய மனிதர், சர்க்கரை நோயாளி. 2003 அக்டோபரில் ஒரு காலைப் பொழுதில் மத்திய அரசின் வனவிலங்குத் துறை ஆட்கள் துப்பாக்கியும் குண்டு துளைக்காத உடுப்புமாக வந்து வீடு முழுவதையும் சோதனை போட்டார்கள். கம்ப்யூட்டர், கடிதங்கள், பில்கள் என்று பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள். 2004இல் மயாமி நீதிமன்றம் அவருக்கு 17 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. அவருக்குச் செடி அனுப்பிய பெரு நாட்டு வியாபாரிக்கு 21 மாதம்.

சிக்கலுக்குக் காரணம் சிலிப்பர் ஆர்க்கிட், அதாவது பூவின் ஓர் இதழ் செருப்பு மாதிரி குழிந்திருக்கும் ஆர்க்கிட். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் எல்லா ஆர்க்கிடும் குறைந்தது இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஃபிராக்மிபீடியம், பாஃபியோபெடிலம் என்ற இரண்டு சிலிப்பர் பேரினங்கள் மட்டும் முழுதாக மிகக் கடுமையான முதல் பட்டியலில், அதாவது புலியும் யானையும் இருக்கும் பட்டியலில். அந்தச் செடிகள்தான் அனுமதியில் வேறு பெயரில் எழுதப்பட்டு வந்தன.

2009இல் அவர் மனைவி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழு முன்னால் போய் இதைச் சாட்சியமாகச் சொன்னார். பூச்செடித் தாளில் தப்பு வந்ததற்காக ஒரு முதியவர் சிறைக்குப் போனார் என்று அதன்பிறகு நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கும் இது அநியாயம் என்றுதான் படுகிறது. அபராதம் போடுங்கள், உரிமத்தைப் பிடுங்குங்கள். சிறை எதற்கு? மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 தென்காசி வக்கீல்

அக்கா, நல்ல இழை. ஆனால் வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள்.

தாளில் தப்பு என்றால் எழுத்துப்பிழை, எண்ணிக்கைப் பிழை, தேதி தவறிப்போன அனுமதி என்று ஏதாவது இருக்க வேண்டும். இங்கே நடந்தது அதுவல்ல. அனுமதி கிடைத்த இனத்தின் பெயரை ஒட்டி, அனுமதி கிடைக்காத இனத்தை உள்ளே வைத்து அனுப்பினார்கள். எந்தப் பெயருக்குள் எந்தச் செடி என்ற விவரம் வாங்குபவருக்குத் தனியாகப் போனது. நாரிஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சதி, கடத்தல், பொய்த் தகவல் கொடுத்தது எல்லாம் குற்றச்சாட்டில் இருந்தன. மேல்முறையீடும் 2006இல் தள்ளுபடியானது.

நம் ஊர்ச் சட்டத்திலும் தெரியாமல் செய்தது, தெரிந்தே செய்தது என்ற பிரிவுதான் முக்கியம். தெரிந்தே பெயரை மாற்றுபவர், "எல்லாம் நர்சரியில் வளர்ந்த செடிதான், காட்டுக்குச் சேதமில்லை" என்று பிறகு சொன்னால் அதை யார் சரிபார்ப்பது? சரிபார்ப்பதற்காகவே ஏற்பட்ட தாளைத்தான் அவர் பொய்யாக்கிவிட்டார். எனக்கு உறுத்துவது அங்கேதான்.

ஆனால் ஒன்று. அந்தக் காலைச் சோதனையின் தோரணை எனக்கும் பிடிக்கவில்லை. கண்ணாடிக் குடிலில் பூச்செடி வளர்க்கும் வயதானவர் வீட்டுக்கு அத்தனை ஆயுதம் தேவையில்லை.

#3 பசுமலை

களத்தாவரவியல் படித்தவன். பல வருடமாகப் பொதிகைப் பக்கம் சுற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நாரிஸ் கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டியது கோவாச்சி கதை. 2002 மே மாதம் பெருவின் வடக்கில், மோயோபாம்பா பக்கம் ஒரு சாலையோரக் கடையில், மைக்கேல் கோவாச் என்ற அமெரிக்கர் சில டாலர் கொடுத்து ஒரு ஆர்க்கிட் வாங்கினார். பூ ஒரு சாண் அகலம், அடர்ந்த மெஜந்தா நிறம். ஃபிராக்மிபீடியம் பேரினத்தில் அப்படி ஒரு பூவை அதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை. அவர் எந்தத் தாளும் இல்லாமல் அதை மயாமி விமான நிலையம் வழியாகக் கொண்டுவந்து, ஜூன் முதல் வாரத்தில் ஃப்ளோரிடாவில் சரசோட்டா ஊரிலுள்ள மேரி செல்பி தாவரவியல் பூங்காவில் கொடுத்தார். இன்னொரு ஆய்வாளர் அதே பூவைப் படங்களை வைத்து வேறு பெயரில் வெளியிடத் தயாராக இருந்தார். செல்பி பூங்காக்காரர்கள் முந்திக்கொண்டு சுமார் ஒரு வாரத்தில் ஃபிராக்மிபீடியம் கோவாச்சி என்ற பெயரை அச்சிட்டுவிட்டார்கள்.

பெயர் வெளிவந்தது. சேகரிப்பவர்கள் கிளம்பிவிட்டார்கள். முதலில் கண்டுபிடித்த இடத்தில் இருந்த செடிகளைச் சீக்கிரமே வழித்து எடுத்துவிட்டார்கள்.

இது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். வியட்நாமில் பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் 1999இல் பெயர் பெற்றது. சில ஆண்டுகளுக்குள் அது வளர்வதாகத் தெரிந்த இடங்களில் ஏறக்குறைய இல்லாமலே போனது. உலகெங்கும் கண்ணாடிக் குடில்களில் மட்டும் இருக்கிறது.

நம் பக்கம் வாருங்கள். அகத்தியமலையில் மட்டும் இயற்கையாக வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரி, தென்னிந்தியாவின் ஒரே சிலிப்பர் ஆர்க்கிட். மஞ்சள் இதழ், நடுவில் கரும்பழுப்புக் கோடு. 1865இல் கர்னல் ட்ரூரி கண்டது, பிறகு நூறு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 1972இல் மறுபடி கிடைத்தது. கிடைத்த செய்தி பரவியதும் அங்கேயும் இதே கொள்ளைதான். மூட்டை மூட்டையாக மலையிறங்கியது.

வாங்குபவர் கண்ணுக்கு வருவது ஒரு செடி. அந்த ஒரு செடி எங்கிருந்து பிடுங்கப்பட்டது என்று அவர் பார்ப்பதில்லை. சிறைத் தண்டனை கூடாது என்று சொல்பவர்கள் இந்த மலைச்சரிவையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

#4 கொடிமுல்லை

பசுமலை சார், மனசு கனக்கிறது. ட்ரூரியை ஏற்காடு ஆர்க்கிடேரியத்தில் தொட்டியில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நீங்கள் சொன்னதே என் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. கோவாச்சி விவகாரத்தில் யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது? கோவாச் குற்றத்தை ஒப்புக்கொண்டார், இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 1,000 டாலர் அபராதம். செல்பி பூங்காவுக்கு 5,000 டாலர் அபராதமும் மூன்று வருடக் கண்காணிப்பும். ஒரு புதிய இனத்தை அனுமதியில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்து, அதன் இருப்பை உலகுக்கே அறிவித்து, காடு காலியாகும்படி செய்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். நர்சரிச் செடி என்று சொல்லப்பட்டதை விற்றவர் ஜெயிலில் இருந்தார்.

சேதத்துக்கும் தண்டனைக்கும் இதில் என்ன பொருத்தம்?

#5 தென்காசி வக்கீல்

சேதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பொருத்தமில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். நீதிமன்றம் பார்த்தது வேறு: ஒரு பயணத்தில் ஒருவர் கொண்டுவந்தது ஒரு பக்கம், வருடக்கணக்கில் பல தடவை பொய்த்தாளில் நடந்த வியாபாரம் இன்னொரு பக்கம். அமெரிக்காவில் தண்டனை அளவை நிர்ணயிக்க ஒரு வழிகாட்டு அட்டவணை உண்டு. சரக்கின் சந்தை மதிப்பு, லாப நோக்கம், எத்தனை முறை என்பதெல்லாம் அதில் கூடிக்கொண்டே போகும். ஒரு மலைச்சரிவு காலியானது அந்த அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் வராது.

இந்த வகைச் சட்டங்களின் நிஜமான குறை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பணமதிப்பை அளக்கத் தெரிந்திருக்கிறது. காட்டில் மிச்சம் எத்தனை என்பதை அளக்கத் தெரியவில்லை.

#6 நாமக்கல் விவசாயி

நான் ஆர்க்கிட் வளர்ப்பவன் இல்லை, மரவள்ளி போடுகிறவன். இந்தக் குழுவில் மாடித்தோட்டப் பகுதிக்காகச் சேர்ந்தேன். ஆனாலும் இதில் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. எங்கிருந்தோ செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த பூச்சி. அதன் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். இங்கே அதற்கு எதிரி கிடையாது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றிலும் ஏறியது. இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் ஆரம்பிக்கும். நாலைந்து நாளில் குருத்து சுருண்டுகொள்ளும். அப்புறம் தண்டு முழுக்கப் பிசுபிசுப்பு, எறும்பு, கரும்பூசணம். மருந்து அடித்தால் மேலிருக்கும் மெழுகுப் பூச்சு உள்ளே இறங்க விடாது. அடித்த மருந்துக் காசும் போய், பயிரும் போய், பட்டுப்புழு வளர்த்தவர்கள் இலை இல்லாமல் புழுவைக் குப்பையில் கொட்டியதை என் கண்ணால் பார்த்தேன்.

2010இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து ஒரு சின்னக் குளவியை வரவழைத்து விட்டார்கள். பெங்களூருவில் இருக்கும் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்தது, வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கிக் கொடுத்தது. அதன் பிறகுதான் அடங்கியது.

ஆசைக்கு ஒரு செடி என்று நீங்கள் சூட்கேசில் வைத்துக் கொண்டுவருவதில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. விமான நிலையத்தில் பறித்துக்கொண்டு அனுப்பினால் போதும் என்றால், அடுத்த முறை இன்னும் நன்றாக ஒளித்து வைப்பார்கள். கண்டிப்பான தண்டனைதான் வேண்டும்.

#7 பசுமலை

ஐயா சொன்னது முக்கியமான விஷயம், ஆனால் இரண்டு சட்டத்தையும் பிரித்துப் பார்த்தால் விவாதம் தெளியும்.

ஒன்று, செடித் தனிமைப்படுத்தல் சட்டம். பூச்சியும் நோயும் உள்ளே வராமல் தடுப்பது. நம் நாட்டில் 1914ஆம் வருடச் சட்டமும் அதன் கீழ் வந்த 2003ஆம் வருட ஆணையும். முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும், செடியில் பூச்சி, நோய் இல்லை என்று ஏற்றுமதி செய்யும் நாடு தரும் ஃபைட்டோ சான்றிதழ் வேண்டும். செடி அரியதா, குப்பைமேட்டில் வளர்வதா என்று அது பார்க்காது.

இரண்டு, சைட்டிஸ். 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தானது, 1975 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 1976இல் சேர்ந்தது. இது இனம் அழியாமல் காப்பதற்கு. பட்டியலில் இருக்கும் சுமார் 40,000 இனங்களில் பெரும்பகுதி தாவரம், அதிலும் பெரும்பகுதி ஆர்க்கிட்.

2019இல் நியூசிலாந்தில் ஆக்லாந்து விமான நிலையத்தில் ஒரு பெண் உடம்பைச் சுற்றிக் காலுறைகளில் 947 கள்ளி, சதைச்செடிகளைக் கட்டிக்கொண்டு வந்தார். மோப்ப நாய் நெருங்கியதும் கழிப்பறைக்குள் ஓடி அவற்றைக் கொட்ட முயன்றார். அதில் சில அழிவில் இருக்கும் இனங்கள். ஆனால் அங்கே வழக்கின் பெரிய எடை பூச்சி, நோய் பயத்தின் மேல்தான் இருந்தது. கடைசியில் அவருக்குக் கிடைத்தது 12 மாதத் தீவிரக் கண்காணிப்பும் 100 மணிநேரச் சமூக வேலையும். அதே ஆள் டெக்சாஸில் பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

#8 சிராங்கூன் குமரன்

சிங்கப்பூரிலிருந்து. இங்கே சட்டம் இன்னும் இறுகியிருக்கிறது. முன்பு அழியும் இனச் சட்டத்தில் அபராதம் ஓர் இனத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரே இனத்தில் நூறு செடி கொண்டுவந்தாலும் உச்சவரம்பு ஒன்றுதான். 2022 நவம்பரிலிருந்து முதல் பட்டியல் இனத்துக்கு ஒவ்வொரு பொருளுக்கும் 1 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், சிறை இரண்டு வருடத்திலிருந்து ஆறு வருடமாக உயர்ந்தது.

இதை நான் வரவேற்கிறேன். ஆர்க்கிடைத் தேசிய மலராக வைத்திருக்கிற ஊர் இது. எங்கள் துறைமுகம் வழியாகத்தான் பாதி ஆசியாவின் சரக்கு போகிறது. இங்கே தண்டனை லேசாக இருந்தால் எல்லோரும் இங்கே வந்து மாற்றிக்கொண்டு போவார்கள்.

#9 வாகரை மைந்தன்

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் வாங்குகிற ஆட்களைப் பற்றியே கதைக்கிறீர்கள்.

எங்கட நாட்டில் வல்லப்பட்டை மரம் இருக்கிறது. அகில் மாதிரி வாசனைப் பிசின் உள்ளே ஊறும். அதைக் கடத்திப் போகிறபோது கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். பிடிபடுகிறவர் பையைக் கொண்டுபோகிறவர், அல்லது மரத்தைக் கொத்தின ஊர்ப் பொடியன். வெளிநாட்டில் காசு போட்டு வாங்கினவரின் பெயர் ஒருநாளும் பேப்பரில் வந்து நான் வாசித்ததில்லை. தண்டனையைக் கூட்டக் கூட்ட அது ஆரை நசுக்கும் என்று யோசிக்க வேண்டும்.

#10 ஜவ்வாதுமலை

மேலே சொன்னவருக்கு என் கையைக் கொடுக்கிறேன்.

2015 ஏப்ரல் 7, ஆந்திராவின் சேஷாசலம் காடு. செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேரைப் போலீஸ்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்து ஆட்கள். என் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர்களும் அதில் உண்டு. செம்மரம் சைட்டிஸ் இரண்டாம் பட்டியல் மரம். அந்த மரம் போய்ச் சேரும் இடம் சீனாவின் மரச்சாமான் கடைகள். அங்கே யார் செத்தார்கள்?

இது இறக்குமதிச் சட்டம் இல்லை என்று வக்கீல் சார் சொல்வார், தெரியும். ஆனால் "அரிய தாவரத்தைக் காக்கக் கடும் தண்டனை" என்று பேச ஆரம்பித்தால் எங்கள் மலையில் அது இந்த முகத்தோடுதான் வருகிறது.

#11 தென்காசி வக்கீல்

இல்லை தம்பி, அப்படிச் சொல்ல மாட்டேன். அது தண்டனையே இல்லை. தண்டனை என்றால் குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு இருக்க வேண்டும். அங்கே நடந்தது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாதது.

ஆனால் உங்கள் வாதத்தின் உள்ளே இருக்கும் விஷயம் சரி. இறக்குமதி செய்பவரைத் தண்டிக்கும் சட்டம் கண்டிப்பாக இருந்தால்தான் வெட்டுபவர் மேல் விழும் பாரம் குறையும். தேவை எங்கே இருக்கிறதோ அங்கே கை வைப்பது அந்தச் சட்டம். நாரிஸ் வழக்கை நான் முழுக்கத் தள்ளிவிடாததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பெருக்காரர் மட்டும் மாட்டி, டெக்சாஸ்காரர் தப்பியிருந்தால் நமக்கு இன்னும் கோபம் வந்திருக்கும்.

#12 கண்ணாடிக்குடுவை (ஓசூர்)

நான் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். இவ்வளவு நேரம் தண்டனை கூடவா குறையவா என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். கதவைப் பற்றி யாரும் பேசவில்லை.

கோவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் உலகமே கேட்கிறது. சட்டப்படி வாங்க ஒரு வழியும் இல்லை. கடத்தல்காரர் மட்டும்தான் கடை திறந்து வைத்திருக்கிறார். பிறகு பெரு அரசு ஒரு நர்சரிக்கு ஐந்து செடி மட்டும் காட்டிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தது. ஐந்தே செடி. ஒரு ஆர்க்கிட் காயில் ஆயிரக்கணக்கில் விதை, பொடி மாதிரி இருக்கும். தாய்ச்செடிகளைக் கலந்து, காய் பழுக்கும் முன்னே பறித்து, சர்க்கரையும் உப்புகளும் போட்ட அகர் கூழ் மேல் கிருமியில்லாத குடுவையில் தூவினால் முளைக்கும். சில வருடத்தில் கோவாச்சியும் அதன் கலப்பினங்களும் முறையான தாளோடு சந்தைக்கு வந்தன. இன்று நர்சரிப் பட்டியல்களில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதைக் கடத்திக் கொண்டுவந்து யாருக்கும் இப்போது லாபமில்லை.

சைட்டிஸ் விதியிலேயே இதற்கு இடம் இருக்கிறது. கிருமியில்லாத குடுவைக்குள் வளர்ந்த ஆர்க்கிட் நாற்றுக்குச் சைட்டிஸ் அனுமதி தேவையில்லை. முதல் பட்டியல் இனத்துக்குத் தாய்ச்செடி சட்டப்படி வந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் உண்டு. குடுவைக்குள் மண் கிடையாது, பூச்சி கிடையாது, நாமக்கல் ஐயாவின் பயத்துக்கும் அதில் பாதி பதில் இருக்கிறது. நம் நாட்டுச் செடித் தனிமைப்படுத்தல் அனுமதி அதற்கும் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

பிரச்சினை என்னவென்றால், அந்த முதல் ஐந்து தாய்ச்செடிக்கு அனுமதி வாங்கவே பல நாடுகளில் வருடக்கணக்காகும். அதற்குள் காடு காலி. ட்ரூரிக்கும் இதே கதிதான். நம் ஊரில் அதைப் பெருக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கூடத்தில் வளர்த்து விற்கலாம் என்று ஒரு தெளிவான வழி இருந்தால் அகத்தியமலைக்கு யாரும் சாக்கோடு ஏற மாட்டார்கள்.

சிறையை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டப்படி வாங்கும் வழியைத் திறக்காமல் சிறையை மட்டும் பெரிதாக்கினால் கடத்தல் விலைதான் ஏறும்.

#13 கள்ளிக்காடு

கண்ணாடிக்குடுவை அண்ணா சொல்வது ஆர்க்கிடுக்குப் பொருந்தலாம். சதைச்செடிக்குப் பொருந்தாது. நான் அந்தப் பக்கம், அதனால் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாக் கடற்கரைப் பாறையில் டட்லியா ஃபரினோசா என்று ஒரு செடி. விதையிலிருந்து வளர்ப்பது கஷ்டமே இல்லை, நர்சரியில் மலிவாகவே வளரும். ஆனாலும் தென்கொரியாவைச் சேர்ந்த ஒருவர் 2018இல் வடக்குக் கலிஃபோர்னியப் பூங்காக்களிலிருந்து 3,715 செடியைப் பிடுங்கினார். குறைந்தது 1,50,000 டாலர் மதிப்பு என்று அரசுத் தரப்பு சொன்னது. விசாரணைக்கு நிற்காமல் மெக்சிகோ வழியாகத் தப்பினார். அப்புறம் தென்னாப்பிரிக்காவில் கோனோஃபைட்டம் என்ற சின்னச் சதைச்செடியைப் பிடுங்கும்போது மாட்டினார். அங்கிருந்து நாடு கடத்தி, 2022 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் இரண்டு வருடச் சிறை விதித்தது.

வாங்குபவர் ஏன் நர்சரிச் செடியை விட்டுக் காட்டுச்செடிக்குக் காசு கொடுக்கிறார்? காற்றிலும் உப்பிலும் வருடக்கணக்காக வாடி, தண்டு முறுக்கி, இலை வெளுத்து ஒரு வயசான தோற்றம் வரும். அது கண்ணாடிக் குடிலில் வராது. கோனோஃபைட்டம் விரல்நுனி அளவுதான். அதில் ஒரு கொத்து தலையணை மாதிரி விரிய ஒரு மனிதனின் ஆயுள் போகும். அது வளரும் தென்னாப்பிரிக்காவின் நமாக்வாலாண்டில் 2019க்குப் பிறகு பிடிபட்டவை மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். பிடிபட்ட செடியைத் திரும்பப் பாறையில் வைத்தால் பெரும்பாலும் பிழைக்காது. தாவர நிறுவனங்களில் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

தண்டனை லேசாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலி உதாரணம். 2020இல் ஒருவர் வீட்டில் ஆயிரத்துக்கு மேல் அரிய கள்ளிகள் பிடிபட்டன, பெரும்பாலும் சிலி நாட்டு அட்டகாமாப் பாலைவனத்துக் கோப்பியாப்போவா. அதில் 844 கள்ளிகளை 2021இல் சிலிக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆள் 2013இலேயே இதே வேலையில் மாட்டியவர். வழக்கு இழுத்துக் காலவரம்பு கடந்துவிட்டதால் வெளியே வந்தார். வந்து மறுபடி அதையேதான் செய்தார்.

கலிஃபோர்னியா 2022இலிருந்து டட்லியாவுக்கென்றே தனிச் சட்டம் வைத்தது, முதல் தடவையே 5,000 டாலருக்குக் குறையாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை. எனக்கு அது சரியாகவே படுகிறது.

#14 கண்ணாடிக்குடுவை

தம்பி, நீங்கள் சொல்வது நிஜம். காட்டுத் தோற்றத்துக்காகவே வாங்கும் கூட்டத்தை என் குடுவை திருத்தாது. அவர்களுக்குச் சிறை தேவைப்படும். ஆனால் அந்தக் கூட்டம் சின்னது. நம் குழுவில் இருக்கும் பலர் பூவுக்காக வாங்குபவர்கள். அவர்களுக்கு நல்ல நாற்று கிடைத்தால் காட்டுச்செடியைத் தொட மாட்டார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே தண்டனையால் அடிக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

#15 கொடிமுல்லை

எல்லோருக்கும் நன்றி. நாரிஸ் விஷயத்தில் 17 மாதம் அதிகம் என்ற என் எண்ணம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பெயர் மாற்றிய தாளைச் சின்னத் தப்பு என்று இனி யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வக்கீல் சார் சொன்ன அட்டவணை விஷயம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. காட்டில் மிச்சமிருக்கும் செடியைக் கணக்கில் எடுக்காத சட்டம், கடுமையாக இருந்தாலும் குறி தப்பித்தான் விழும்.

இப்போது நடைமுறைக் கேள்வி. நம் குழுவில் விற்பனைப் பகுதியில் "இம்போர்ட்டட் பாஃப், பூக்கும் அளவு" என்று பாஃபியோபெடிலத்தைப் போடுகிறார்கள். வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்? பசுமலை சார், வக்கீல் சார், இரண்டு பேரும் எழுதுங்கள்.

#16 பசுமலை

செடியைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். நர்சரியில் வளர்ந்த பாஃபியோபெடிலத்தில் இலைகள் ஒரே சீராக, அடியிலிருந்து நுனிவரை சுத்தமாக இருக்கும். வேர் தொட்டியின் வடிவத்துக்கு வளைந்து முழுசாக இருக்கும். பட்டைத்துண்டு அல்லது தேங்காய் நார் ஒட்டியிருக்கும். காட்டிலிருந்து பிடுங்கியதில் பழைய இலைகளில் பூச்சி கடித்த ஓட்டை, கீறல், சாம்பல் நிற மரப்பாசி இருக்கும். வேர் பாறையிலிருந்து பிய்த்ததால் மொட்டையாக நிற்கும். அடியில் காட்டு மண், பாசி, சில சமயம் வேறு சிறுசெடியின் துண்டுகூட இருக்கும். பழைய இலைகள் சிதைந்து, புதிதாக வந்த ஒரே ஒரு இலை மட்டும் பளபளவென்று இருந்தால், காட்டிலிருந்து வந்து நர்சரியில் சில மாதம் தேற்றி விற்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரே இனத்தில் பத்துச் செடி வைத்திருந்தால், பத்தும் வெவ்வேறு வயசு, வெவ்வேறு அளவு என்றாலும் சந்தேகப்படுங்கள். குடுவையிலிருந்து வந்த கூட்டம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும்.

#17 தென்காசி வக்கீல்

தாளில் இதைப் பாருங்கள். சைட்டிஸ் அனுமதியில் மூலம் என்ற கட்டத்தில் ஓர் எழுத்து இருக்கும். டபிள்யூ என்றால் காட்டிலிருந்து எடுத்தது. ஏ அல்லது டி என்றால் வளர்ப்பில் பெருக்கியது. முதல் பட்டியல் இனத்துக்கு டபிள்யூ போட்டு வணிகத்துக்கு வரவே முடியாது. அனுமதியில் இருக்கும் இனத்தின் பெயரும் உங்கள் கையில் கொடுக்கும் செடியின் பெயர்ச்சீட்டும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். "தாளில் வேற பேர் போட்டிருக்கோம், கண்டுக்காதீங்க" என்று விற்பவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வாருங்கள். ஃபைட்டோ சான்றிதழ் நகலையும் இறக்குமதி அனுமதி நகலையும் கேளுங்கள். "பார்சல்ல வந்துச்சு, பேப்பர் எதுவும் இல்ல" என்று பதில் வந்தால் அது கடத்தல் சரக்கு.

நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸுக்கென்று அதில் தனி அத்தியாயமே வந்துவிட்டது. பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் போகலாம். கஸ்டம்ஸ் சட்டம் 135ஆவது பிரிவு அதற்கு மேல் தனி. சிலிப்பர் ஆர்க்கிட், நீல வாண்டா, சிவப்பு வாண்டா, குடுவைச்செடி நெபந்தஸ் காசியானா, பெட்டோம் சைகஸ், குத் என்ற மூலிகை ஆகிய ஆறும் அந்தச் சட்டத்தில் பல வருடமாகவே பாதுகாக்கப்பட்ட தாவரங்கள். இவற்றை உரிமம் இல்லாமல் விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் மாட்டுவார்.

விற்பனைப் பகுதியில் தாள் நகல் இல்லாத இறக்குமதிச் செடி விளம்பரத்தை நீக்கலாம் என்று நிர்வாகியிடம் நான் இன்று எழுதிக் கேட்கிறேன். ஆதரிப்பவர்கள் கீழே சொல்லுங்கள்.

#18 நாமக்கல் விவசாயி

ஆதரிக்கிறேன். அப்படியே ஃபைட்டோ சான்றிதழ் பற்றியும் விதியில் சேர்த்துவிடுங்கள்.

#19 கள்ளிக்காடு

ஆதரவு. சதைச்செடிப் பகுதிக்கும் இதே விதி வேண்டும். அங்கேதான் "காட்டு மாதிரி" என்று சொல்லியே விலை ஏற்றுகிறார்கள்.